அத்தைக்கு வந்த எஸ்.எம்.எஸ்

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கு சொல்லலாம். ஆனா இந்த தடவை காரணம் அது இல்லை. எழுதணும்னு உக்காந்து நாலு தடவை அழிச்சுட்டேன். தப்பு என்னோடதா இருக்கும்போது எழுத கை வர மாட்டேங்குது.

நம்ம ஊரு பொட்டிபுரம்னு ஏற்கனவே பல பதிவுல பீத்திக்கிட்டிருக்கேன். போடிநாயக்கனூர் பக்கம். கூகுள்ல தேடினா ஊரு வராது, நியூட்ரினோதான் வரும். 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை அந்த ஆய்வகத்துக்கு ஒப்புதல் குடுத்தப்போ நான் ப்ளஸ் டூ. மலைக்குள்ள குடைஞ்சா தண்ணி என்னாகும்னு ஊரு கேட்டுச்சு. நியூட்ரினோ உடம்புக்குள்ள பூந்து போனாலும் ஒண்ணும் செய்யாதுன்னு பதில் வந்துச்சு. யாரு சரி, யாரு தப்புங்கற சண்டைக்கு இங்க வரலை. கேட்டது ஒண்ணு, சொன்னது ஒண்ணுங்கறது மட்டும் அப்பவே மனசுல பதிஞ்சு போச்சு. இப்ப சொல்லப்போற கதையும் அந்த ஜாதிதான், அளவு மட்டும் சின்னது. ஒரே ஒரு பொம்பளை, ஒரே ஒரு எஸ்.எம்.எஸ்.

எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி. வயசு 46. காலையில அஞ்சு மணிக்கு ஜீப் ஏறி, போடிமெட்டு கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டி, பூப்பாறை பக்கம் ஏலத்தோட்டத்துக்கு காய் எடுக்கப் போறது. திரும்பி வர இருட்டிடும். போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல இலவச மருத்துவ முகாம் நடந்துச்சு. யாரு நடத்தினாங்கன்னு சொல்ல மாட்டேன், அவங்க மேல எனக்கு கோபமும் இல்லை. ஞாயித்துக்கிழமை வெச்சாங்க பாருங்க, அதுக்கே கும்பிடணும். வார நாள்ல பத்து மணிக்கு முகாம் போட்டா எங்க ஊரு பொம்பளைங்க பாதிப் பேரு மலை மேல இருப்பாங்க.

அத்தையும் போச்சு. பிரஷர், சுகர் பாத்துட்டு, கருப்பை வாய் பரிசோதனையும் செஞ்சாங்க. ஃபாரத்துல ஃபோன் நம்பர் கேட்டிருக்காங்க. அத்தைகிட்ட ஃபோன் இல்லை. மாமா ஃபோன் எப்பவும் ரீசார்ஜ் இல்லாம கிடக்கும். "எங்கண்ணன் மகன் மெட்ராஸ்ல இஞ்சினியரு, அவன் நம்பரைப் போடுங்க"ன்னு பெருமையா சொல்லியிருக்கு. அதை எங்கிட்ட சொல்லலை. எப்படிச் சொல்லும்? மருமகன்கிட்ட பேசற விஷயமா அது? வீட்டுலயே "வயித்து டெஸ்ட்"னுதான் சொல்லி வெச்சிருக்கு.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அதிரசம் எடுத்துட்டு வந்து வெச்ச அத்தை, போற போக்குல கேட்டுச்சு:

"ஏன் மருமகனே, ஒனக்கு என் டெஸ்டு சேதி எதும் வரலைல்ல? வரலைன்னா நல்லாருக்குன்னுதானே அர்த்தம்?"

"எந்த டெஸ்டு அத்தை?"

சொல்லுச்சு. நான் ஃபோனை எடுத்து தேடினேன். படிக்காத மெசேஜே ரெண்டாயிரத்துக்கு மேல. லோன் வேணுமா, ப்ளாட் வேணுமா, கார்டு வேணுமா. அதுக்கு நடுவுல இருந்துச்சு, நாலு மாசத்துக்கு முந்தின தேதியில. "டியர் பெனிஃபிஷியரி, யுவர் ஸ்க்ரீனிங் ரிப்போர்ட் ஈஸ் ரெடி. கைண்ட்லி விசிட்..." அவ்வளவுதான். பேரு இல்லை, ஊரு இல்லை. என்ன பரிசோதனைன்னும் இல்லை. அந்தரங்கம் காக்கணும்னு அப்படி எழுதியிருப்பாங்க, அது நியாயம்தான். ஆனா இங்கிலீஷ்ல, யாருக்குன்னே தெரியாம வந்த அதை நான் விளம்பரம்னு நெனச்சு தள்ளி விட்டிருக்கேன்.

கூத்து என்னன்னா, என் வேலையே இதுதான். கம்பெனியில நோட்டிஃபிகேஷன் சர்வீஸ் எழுதற டீம்ல இருக்கேன். மெசேஜ் போய்ச் சேர்ந்தா திரையில பச்சையா "டெலிவர்டு"ன்னு காட்டும். தொண்ணூத்தொம்பது சதவீதம் டெலிவர்டுன்னு மேனேஜர்கிட்ட கைத்தட்டு வாங்கியிருக்கேன். அத்தையோட மெசேஜும் யாரோ ஒருத்தரோட திரையில நாலு மாசமா பச்சையாத்தான் இருந்திருக்கும்.

மறுநாளே முகாம்காரங்களைப் பிடிச்சு சீட்டை வாங்கினோம். "பாசிட்டிவ். மேல் பரிசோதனைக்கு அனுப்பவும்"னு இங்கிலீஷ்ல இருந்துச்சு. கொரோனா வர்றதுக்கு முன்னாடியா இருந்தா "பாசிட்டிவ்னா நல்லதுதானே"ன்னு எங்க வீட்டுல சொல்லியிருப்பாங்க. இப்ப எல்லாருக்கும் பாசிட்டிவ்னா நோய். பாட்டி அழ ஆரம்பிச்சிருச்சு. மாமா பேசவே இல்லை. அத்தை மட்டும் அடுப்படியில போய் உக்காந்துக்கிச்சு.

பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன். அங்க இன்னொரு கூத்து. "யாரு அனுப்பினது? என்ன பாத்தாங்க? எந்த இடத்துலன்னு எழுதலையே"ன்னு டாக்டரம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. எங்களுக்குத்தான் புரியலைன்னு நெனச்சேன். ஒரு மருத்துவர் எழுதினது இன்னொரு மருத்துவருக்கும் பத்தலை. முதல்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சாங்க.

அங்கதான் அந்த நர்சம்மாவைப் பாத்தேன். அம்பது வயசு இருக்கும். என்னை வெளிய நிக்கச் சொல்லிட்டு அத்தைகிட்ட அரை மணி நேரம் பேசினாங்க. அப்புறம் அத்தை சம்மதத்தோட என்னையும் கூப்பிட்டாங்க. அவங்க சொன்னது இதான். சமையலுக்கு ஊத்தற வினிகர் மாதிரி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தை கருப்பை வாயில தடவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்துப் பாப்பாங்க. மாறுதல் இருக்கற இடம் வெள்ளையாத் தெரியும். வெள்ளையாத் தெரிஞ்சா பாசிட்டிவ். புண், கிருமி இருந்தாலும் சில சமயம் அப்படித் தெரியலாம். அதனால பாசிட்டிவ்னா புற்றுநோய்னு அர்த்தமில்லை, இன்னொரு தடவை நல்லாப் பாக்கணும்னுதான் அர்த்தம். அப்படியே ஏதாவது இருந்தாலும் அது புற்றுநோயா மாற பொதுவா பல வருஷம் எடுக்கும். அதுக்குள்ள பிடிச்சுட்டா சரி பண்ணிடலாம்.

இதெல்லாம் நோட்டீஸ்லயும் இருக்கும். நோட்டீஸ்ல இல்லாதது அடுத்து அவங்க கேட்டது:

"சரி அக்கா, நான் சொன்னதை வீட்டுல போய் உங்க மாமியார்கிட்ட எப்படிச் சொல்லுவீங்க? எனக்கு சொல்லிக் காட்டுங்க."

அத்தை கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. அது சின்ன வயசுல போடியில ஏலக்காய் குடோன்ல வேலை பாத்தது.

"சல்லடையில போட்டுச் சலிக்கிற மாதிரி சிஸ்டர். சல்லடை காயை ரெண்டாப் பிரிக்கும், அவ்வளவுதான். அதுல நல்லது எது, சொத்தை எதுன்னு கையில எடுத்துப் பாத்துதான் சொல்லணும். நான் இப்ப சல்லடை மேல நிக்கறேன். இன்னும் கையில எடுத்துப் பாக்கலை."

நர்சம்மா சிரிச்சுட்டு, "இனிமே இதையே நானும் சொல்லிக்கிறேன்"னாங்க. ஸ்க்ரீனிங்குக்கும் நோயைக் கண்டுபிடிச்சு உறுதி பண்றதுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவா நான் எங்கயும் படிக்கலை. தமிழ்ல ரெண்டையும் "பரிசோதனை"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு, அப்புறம் ஜனங்க குழம்பறாங்கன்னு குறை சொல்றோம்.

சென்னைக்குத் திரும்பி, குற்ற உணர்ச்சியில நிறைய படிச்சேன். நம்ம பக்கத்துக்கு இதுல பெரிய வரலாறே இருக்கு. திண்டுக்கல் மாவட்டத்துல, ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையை மையமா வெச்சு, இதே வினிகர் முறையில 2000-ல ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க. செஞ்சது பயிற்சி எடுத்த நர்சுகள். அழைக்கப்பட்ட 30-லிருந்து 59 வயசு வரைக்குமான பெண்கள் 49,311 பேர். 2003-க்குள்ள வந்து பாத்துக்கிட்டவங்க 31,343. அதுல பாசிட்டிவ் 3,088, அதாவது பத்துல ஒருத்தர். பரிசோதனைக்கு அழைக்காத ஊர்களோட ஒப்பிட்டா, இந்த நோயால வர்ற சாவு 35 சதவீதம் குறைஞ்சுது. 2007-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. உலகம் முழுக்க மேற்கோள் காட்டற ஆய்வு, நம்ம வீட்டுக்குப் பக்கத்துல நடந்திருக்கு, எனக்குத் தெரியலை.

அதே 2007-ல, உலக வங்கி உதவியோட நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்துல, கருப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனையை சோதிச்சுப் பாக்க ரெண்டு மாவட்டத்தை எடுத்தாங்க. ஒண்ணு தஞ்சாவூர், இன்னொண்ணு எங்க தேனி! 2012-லிருந்து அதை மத்த மாவட்டங்களுக்கும் கொண்டு போனாங்க. தேனியில நடந்தப்போ நான் சின்னப் பையன். தெருவுல அக்காங்க வந்து முப்பது வயசு தாண்டினவங்களைக் கூப்பிட்டதும், "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, எதுக்கு"ன்னு அம்மா சிரிச்சதும் லேசா ஞாபகம் இருக்கு. ஒண்ணுமில்லாதவங்களைக் கூப்பிடறதுதான் ஸ்க்ரீனிங். அதைச் சொல்லிப் புரிய வைக்கிறதுதான் அதுல கஷ்டமான வேலை.

அந்த திண்டுக்கல் கணக்குல ஒரு எண் மட்டும் என்னைத் தூங்க விடலை. புற்றுநோய்க்கு முந்தின நிலையில இருந்தவங்க 1,874 பேர். சிகிச்சை எடுத்தவங்க 72 சதவீதம். அவ்வளவு நல்லா நடத்தின ஆய்வுலயே 28 சதவீதம் பேர் கடைசிப் படியில நின்னுட்டாங்க. அந்த 28-ல எங்க அத்தையும் ஒண்ணாகியிருக்கும், என் இன்பாக்ஸ் புண்ணியத்துல.

பணக்கார நாடுன்னா இதெல்லாம் ஒழுங்கா நடக்கும்னு நெனக்காதீங்க. அயர்லாந்துல விக்கி ஃபெலன்னு ஒரு பெண். 2011-ல எடுத்த பரிசோதனையில ஒண்ணுமில்லைன்னாங்க. 2014-ல புற்றுநோய்னு தெரிஞ்சுது. பழைய சோதனையைத் திரும்பப் பாத்தப்போ அப்ப சொன்னது தப்புன்னு திட்டக்காரங்களுக்குப் புரிஞ்சுது, ஆனா அந்தம்மாவுக்குத் தெரிஞ்சது 2017-லதான். 2018-ல அவங்க கோர்ட்டுக்குப் போன பிறகுதான், இதே மாதிரி இருநூறு பேருக்கு மேல இருக்காங்க, அதுல பெரும்பாலானவங்களுக்குச் சொல்லவே இல்லைன்னு வெளிய வந்துச்சு. திட்டத்துல இருந்து டாக்டர்களுக்குக் கடிதம் போயிருக்கு. நோயாளிகிட்ட சொல்லலாமா வேண்டாமாங்கறதை டாக்டர் கையில விட்டுட்டாங்க. 2022-ல விக்கி ஃபெலன் இறந்துட்டாங்க. அங்கயும் ஒரு திரையில "டெலிவர்டு"ன்னு இருந்திருக்கும்.

இதுல இருந்து எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். அனுப்பினது சேதி இல்லை. கேட்டவங்க திருப்பிச் சொல்றதுதான் சேதி. பதில் வரலைன்னா அதை "நல்லாருக்கு"ன்னு எடுத்துக்கவே கூடாது. அனுப்பினவங்களும் கூடாது, காத்திருக்கறவங்களும் கூடாது.

அத்தைக்கு என்னாச்சுன்னு கேக்கறீங்களா? பெரிதாக்கிப் பாக்கற கருவியில பாத்து, சதை எடுத்து பயாப்ஸி பண்ணினாங்க. புற்றுநோய் இல்லை, அதுக்கு முந்தின நிலை. லீப்னு ஒரு சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயற மெல்லிசான கம்பி வளையத்தால அந்த இடத்தை மட்டும் எடுத்துட்டாங்க. சாயங்காலமே வீட்டுக்கு வந்தாச்சு. வெயிட் தூக்கக்கூடாதுன்னுட்டாங்க, அதனால ஒரு மாசம் காய் எடுக்கப் போகலை. ஒரு மாசக் கூலியை நான் குடுத்தேன். "மருமகன் காசு வாங்கறதா"ன்னு சண்டை போட்டுட்டு வாங்கிக்கிச்சு. நாலு மாசத்துல பெருசா ஒண்ணும் கெட்டுப் போகலை. கெட்டுப் போயிருந்தா இந்தப் பதிவே இருந்திருக்காது.

மக்களே, உங்க அம்மா, அத்தை, சித்தி ஏதாவது முகாமுக்குப் போனாங்கன்னா மூணு கேள்வி கேட்டுட்டு வரச் சொல்லுங்க. ரிசல்ட் எப்ப வரும்? யாரு, எந்த நம்பருக்குச் சொல்லுவாங்க? அந்தத் தேதிக்குள்ள வரலைன்னா யாரைக் கேக்கணும்? மூணாவது கேள்விதான் முக்கியம். அப்புறம், உங்க நம்பரை யாரு யாரு எந்தெந்த ஃபாரத்துல போட்டிருக்காங்கன்னு ஊருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்க. இஞ்சினியரா இருந்தா கண்டிப்பா கேளுங்க :-)

ஆஸ்பத்திரி ஃபாரத்துல இப்ப எங்க ஊரு கிராம சுகாதார செவிலியர் நம்பரையும் சேத்து எழுதியிருக்கோம். அடுத்த பரிசோதனை தேதி வீட்டுல காலண்டர்ல சிவப்பு மையில இருக்கு. போன வாரம் ஃபோன்ல அத்தை சொல்லுச்சு: "மருமகனே, எங்க ஜீப்புல போற பதினொரு பேருக்கும் சல்லடைக் கதையைச் சொல்லிட்டேன். நாலு பேரு வர்றேன்னாளுக. நீ உன் ஃபோனைப் பாத்துக்கிட்டே இரு."

பாத்துக்கிட்டிருக்கேன்.

டிஸ்கி: அத்தைகிட்ட படிச்சுக் காட்டி, சம்மதம் வாங்கித்தான் போட்டிருக்கேன். "பேரு மட்டும் போடாதே, மத்ததை நல்லா எழுது"ன்னுச்சு. நல்லா எழுதியிருக்கேனான்னு நீங்க பின்னூட்டத்துல சொல்லுங்க.