'நன்றி' எந்த ஊர் வார்த்தை?

ஒரு சின்ன விளையாட்டு, ஃப்ரெண்ட்ஸ்! உலக மேப்பை எடுங்க. உக்ரைன் மொழி பேசுற இடத்துக்கு நீலம், ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசுற இடத்துக்கு ஆரஞ்சுன்னு கலர் அடிங்க. உக்ரைன் முழுக்க நீலம், தென்னாப்பிரிக்கா முழுக்க ஆரஞ்சு... அவ்வளவுதானேன்னு பென்சிலைக் கீழே வைக்கிறீங்களா? நானும் அப்படித்தான் வைத்தேன். ரெண்டுமே தப்பு!

2018-ல் மருத்துவம் படிக்க உக்ரைனின் கார்கிவ் நகரத்துக்குப் போனேன். விமானத்திலேயே 'த்யாகுயு' என்ற வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டேன். உக்ரைன் மொழியில் நன்றி. முதல் நாள் ரொட்டி வாங்கிவிட்டுப் பெருமையாகச் சொன்னேன். ஆனால் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் 'ஸ்பஸீபா' என்றார்கள். அது ரஷ்ய மொழி!

"தம்பி, இங்கே போர்டு உக்ரைன் மொழியில, பேச்சு ரஷ்ய மொழியில. வார்டுல பேஷன்ட்கிட்ட 'எங்கே வலிக்குது'ன்னு கேக்கணும்னா ரஷ்யன் கத்துக்கோ" என்றார் சீனியர் அண்ணன்.

ஏன் இப்படி? உக்ரைனின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. 1876-ல் இரண்டாம் அலெக்சாண்டர் மன்னர் உக்ரைன் மொழியில் புத்தகம் அச்சிடவும், நாடகம் போடவும் தடை போட்டார். மேற்கே லிவிவ் நகரமோ ஆஸ்திரியாவிடம் இருந்தது. அங்கே தடை இல்லை, புத்தகங்கள் அச்சாயின. அதனால் மேற்கில் மொழி ஊன்றி நின்றது. கிழக்கின் பெரிய நகரங்களில் ரஷ்ய மொழி கோலோச்சியது. 2001 கணக்கெடுப்பில் உக்ரைன் மொழியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 67.5 சதவீதம் பேர்தான். அதே நேரம், 1891-லிருந்து கப்பலேறிப் போன விவசாயிகளால் கனடாவின் கோதுமை வயல்களிலும் அந்த மொழி கேட்டது.

நீலம் புரிந்துவிட்டது. ஆரஞ்சு?

அதைப் புரியவைத்தவன் என் ஹாஸ்டல் ரூம்மேட். நமீபியா நாட்டுக்காரன். ஊர் ரெஹோபோத். தினமும் ராத்திரி அம்மாவுடன் போனில் பேசுவான். ஒருநாள் கேட்டேன், "இது எந்த ஆப்பிரிக்க மொழி மச்சி?"

"ஆஃப்ரிகான்ஸ்" என்றான்.

எனக்கு ஷாக். "அது வெள்ளைக்காரங்க மொழியாச்சே!"

அவன் முகம் மாறிவிட்டது. "எங்க பாட்டி தாலாட்டுப் பாடினது அந்த மொழியிலதான். அது எப்படி அவங்களுக்கு மட்டும் சொந்தமாகும்?"

அவன் சொன்னதற்கு அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1652-ல் டச்சுக்காரர்கள் கேப் முனையில் இறங்கினார்கள். அடிமைகளாகப் பலரைக் கொண்டுவந்தார்கள். இந்தோனேசியா, மடகாஸ்கர், வங்காளம், ஏன், நம்ம சோழமண்டலக் கரையிலிருந்தும்கூட! இவர்களும், அந்த மண்ணின் கொய்கொய் மக்களும், டச்சுக்காரர்களும் சேர்ந்து புழங்கியதில் உருவானதுதான் ஆஃப்ரிகான்ஸ். அதில் வாழைப்பழத்துக்குப் பெயர் 'பிசாங்'. அது மலாய் வார்த்தை. 19-ஆம் நூற்றாண்டில் கேப் டவுன் முஸ்லிம்கள் இந்த மொழியை அரபு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். இன்றும் அதைத் தாய்மொழியாகப் பேசுபவர்களில் பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர்கள்தான்.

அப்புறம் ஏன் கெட்ட பெயர்? 1974-ல் நிறவெறி அரசு, கறுப்பின மாணவர்கள் பாதிப் பாடங்களை ஆஃப்ரிகான்ஸில்தான் படிக்கணும்னு உத்தரவு போட்டது. 1976 ஜூன் 16. சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. அடுத்த சில மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அங்கே ஜூன் 16 இப்போது இளைஞர் தினம். 2022 கணக்கெடுப்பில் தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிகான்ஸை வீட்டில் பேசுபவர்கள் 10.6 சதவீதம். ஆனால் 1990-ல் விடுதலை அடைந்து, ஆங்கிலத்தை மட்டும் ஆட்சிமொழியாக வைத்துக்கொண்ட நமீபியாவில், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் சந்தித்தால் இன்றும் பேசிக்கொள்வது பல இடங்களில் ஆஃப்ரிகான்ஸ்தான்!

ஆக, ஒரு நாட்டில் போர்டில் இருந்த மொழி தெருவில் இல்லை. இன்னொரு நாட்டில் போர்டில் இல்லாத மொழி தெருவில் இருக்கு. வேடிக்கையா இருக்கேன்னு நினைத்தேன், 2022 பிப்ரவரி 24 வரைக்கும்.

அன்று விடியற்காலை குண்டுச் சத்தம். ஹாஸ்டல் அண்டர்கிரவுண்டில் பதுங்கினோம். சிக்னல் கிடைத்தபோதெல்லாம் நான் தமிழில் அழுதேன், அவன் ஆஃப்ரிகான்ஸில் அழுதான். சில நாள் கழித்து, நெரிசலில் நின்றபடியே ரயிலில் லிவிவ் வந்து சேர்ந்தோம். ஸ்டேஷனில் ஒரு பெண் சூடாக டீ கொடுத்தாள். நாலு வருஷப் பழக்கம்... என் வாயில் வந்தது 'ஸ்பஸீபா'. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண் மட்டும் ஒரு நொடி கலங்கியது. ரூம்மேட் என் முழங்கையை இடித்தான். "த்யாகுயு" என்று திருத்திச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போலந்து எல்லையில் நானும் ரூம்மேட்டும் பிரிந்தோம். கட்டிப்பிடித்து, "பாய டாங்கி" என்றான். ஆஃப்ரிகான்ஸில் ரொம்ப நன்றி. அதில் 'பாய' மலாய், 'டாங்கி' டச்சு. சொன்னவன் நமீபியன், கேட்டவன் தமிழன்!

ஊர் வந்த பிறகு கார்கிவ் கடைக்கார அம்மாவுக்கு போன் போட்டேன். ஆயுசு முழுக்க ரஷ்ய மொழி பேசியவர், தடுமாறித் தடுமாறி உக்ரைன் மொழியில் பேசினார். "இந்த வயசுல ஏம்மா கஷ்டப்படறீங்க?" என்றேன். "என் வீட்டுல குண்டு போட்டவங்க பேசுற மொழியில இனிமே என்னால பேத்தியைக் கொஞ்ச முடியல" என்றார். அந்த அம்மாவைச் சொவெட்டோ பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கும். ரெஹோபோத் பாட்டியையும் நான் மறக்கவில்லை. அவர் பாடிய தாலாட்டுக்கும் துப்பாக்கிக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்த தடவை யாராவது ஒரு மொழியைக் காட்டி 'இது அந்த நாட்டுக்காரன் மொழி'ன்னு சொன்னா, உடனே மேப்பைத் தேடாதீங்க. பக்கத்து பெட்டில் படுத்திருக்கிறவன் ராத்திரி அம்மாகிட்ட எந்த மொழியில பேசறான்னு கேளுங்க. அப்புறமா கலர் அடிக்கலாம்!