கூப்பிட்ட குரலுக்கு

சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை இழுபடும்போது யாரையும் சும்மா நிற்க விடமாட்டார்கள். "மச்சான், ஒரு கை பிடிடா" என்று குரல் வரும். சாறனை மடித்துக் கட்டிக் கயிற்றைப் பிடித்தால், குதிகால் மணலில் புதையப் புதையப் பின்னால் நடக்க வேண்டும். கடைசியில் நிற்பவன் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் அலையோரத்தில் மறுபடி பிடிப்பான். கூலியாக ஒரு கை கீரி மீன் கிடைத்தால் அதுவே பெரிசு. உடற்பயிற்சி என்பதெல்லாம் பள்ளிக்கூட நேரசூசியில் இருந்த ஒரு பாடம்.

கோல் தட்டி ஆடும் பொல்லடியும் அப்படித்தான். ஜோடி குறைந்தால் ஆட்டம் இல்லை. கலியாண வீடோ சுன்னத்து வீடோ நெருங்கினால், ஒத்திகைக்கு வராதவனை வீட்டுக்கே போய் இழுத்து வருவார்கள். அண்ணாவியாரின் ஏச்சு வேறு.

இப்போது எங்கள் வகுப்புக்காரருக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சுபஹ் தொழுகை முடிந்ததும் நடந்த அடிக்கணக்கைப் போடுகிறார்கள். சினான் ஆரல், கிறிஸ்டோஸ் நிக்கொலைடஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டக்காரரின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் எழுதினார்கள்: சிநேகிதர் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால் நாமும் 0.3 கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறோமாம். அதிலும், குறைவாக ஓடுகிறவன்தான் கூடுதலாக ஓடுகிறவனை உசுப்புகிறானாம். உண்மைதான். பின்னால் வருகிறவன் நெருங்கினால்தானே முன்னே போகிறவனுக்கு ரோஷம்!

எங்கள் ஊர்ப் பெண்கள் எந்தக் கணக்கிலும் இல்லை; ஆனால் அவர்களுக்கும் நடை இருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். அதனால் பெரியம்மா, சாச்சி, ராத்தா எல்லாருடைய வளவும் ஒரே ஒழுங்கைக்குள் இருந்தது. மா இடிக்க, பிள்ளையின் காய்ச்சலைப் பார்க்க, சும்மா ஒரு கதைக்கு என்று உம்மா கிடுகுவேலியை விலக்கிப் போய்வந்தபடியே இருப்பா.

2004 டிசம்பர் 26 சுனாமி அந்த ஒழுங்கையைக் கொண்டுபோனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்து. கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். மிஞ்சியவர்கள் திசைக்கொரு வீட்டுத்திட்டத்துக்குப் போனார்கள். ராத்தா வீடு ஓட்டோ பிடிக்கிற தூரமாயிற்று. உம்மாவுக்குச் சீனி வருத்தமும் வந்தது.

கிளினிக்கில் தினமும் அரைமணி நடக்கச் சொன்னார்கள். "ஆர்ர ஊட்டுக்கு நடக்கிற?" என்று கேட்டா உம்மா.

இப்போது ராத்தாவின் மகள் பின்னேரங்களில் வந்து கூட்டிப்போகிறாள். இரண்டு பேரும் ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்துத்தான் திரும்புவார்கள். அவள் வராத நாளில் உம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிடும்.