சோக் கேபிளில் வந்த புகை

அப்பாவிடம் இப்போது இருபது வார்த்தைகள் இருந்தால் அதிகம். போன தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. காலில் கொஞ்சம் உயிர் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. நாங்கள் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில்தான் வழி மாறிப் போகிறது. தேத்தண்ணி வேண்டுமென்றால் "கோப்பை" என்பார். அம்மாவைக் கூப்பிட நினைத்து "அடுப்பு" என்பார். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரியும். இடது கையால் நெற்றியில் அடித்துக்கொள்வார்.

தோட்டத்துப் பட்டறையில் முப்பத்தோரு வருடம் போர்மேனாக இருந்தவர். ஈஜோக்கைச் சுற்றியிருந்த தோட்டங்களில் லோரியோ டிராக்டரோ படுத்துக்கொண்டால் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். எங்கள் மோரிஸ் மைனர் 1961இல் வந்த காடி. பெரிய கிராணி வேலையை விட்டுப் போகும்போது, 1983இல் அப்பா அவரிடம் வாங்கினார். கடைசியாக ஓடியது 2007 ஏப்ரலில், ஈஜோக் இடைத்தேர்தல் நேரத்தில். அம்மாவும் அப்பாவும் அதில்தான் ஓட்டுப்போடப் போய் வந்தார்கள். 2011இல் திறந்த லத்தார் நெடுஞ்சாலையை அது பார்த்ததே இல்லை. கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது.

"வித்துடலாம்," என்றான் அண்ணன். கிள்ளானிலிருந்து ஒருவர் இரண்டு வாரத்தில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ஓடினால் பதினெட்டாயிரம் வெள்ளி, ஓடாவிட்டால் ஏழாயிரம். அப்பாவின் பிசியோவுக்கு மாதாமாதம் ஆகும் செலவை வைத்துப் பார்த்தால் அந்தப் பதினோராயிரம் சின்னத் தொகை இல்லை.

எனக்குக் காடி பற்றித் தெரிந்தது ஒன்றுதான். சின்ன வயதில் அப்பா வேலை செய்யும்போது டார்ச் பிடிப்பேன். வெளிச்சம் ஒரு இஞ்ச் விலகினால் திட்டு விழும்.

முதல் தப்பு பேட்டரியில். அண்ணனின் கூட்டாளி புதுப் பேட்டரி கொண்டுவந்து, எல்லாக் காடியிலும் செய்வதுபோல நெகட்டிவைப் பாடியில் மாட்டினார். வாசல் நாற்காலியிலிருந்து அப்பா உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார். வேண்டாம் என்கிறார் என்று நினைத்தோம். அக்காலத்து இங்கிலீஷ் காடிகள் பலவற்றில், மோரிஸ் மைனரிலும், பாசிட்டிவ்தான் பாடியில் நிற்கும் என்று இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மாற்றி மாட்டினாலும் லைட் எரியும், ஸ்டார்டர்கூட அதே திசையில்தான் சுற்றும். அதனால் தப்பு வெளியே தெரியாது. டைனமோவுக்குத்தான் வம்பு.

திருப்பி மாட்டிவிட்டு சாவியைப் போட்டேன். சிவப்பு லைட் வந்தது. அப்பா நாக்கால் "டிக், டிக், டிக்" என்றார். வார்த்தைகள் போனாலும் சத்தங்கள் அவரிடம் இருந்தன. இந்தக் காடியில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடும். சாவி போட்டதும் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிடும். எங்கள் பம்ப் ஊமையாக இருந்தது. அப்பா விரல் மொட்டியால் நாற்காலிக் கையைத் தட்டிக் காட்டினார். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பம்பை அதேபோல் இரண்டு தட்டு தட்டினேன். உள்ளே ஒட்டிக்கிடந்த பாயின்ட் விட்டிருக்க வேண்டும், அடிக்க ஆரம்பித்தது. அப்பா தலையாட்டினார்.

அடுத்தது ஸ்டார்டர். எங்கள் காடியில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ண முடியாது, டேஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கிறது, அதை இழுக்க வேண்டும். இழுத்தேன். "டொக்." லைட் மங்கியது. இன்னொரு முறை விடாமல் இழுத்துப் பிடித்தேன். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. சோக் கேபிள் தொட முடியாத சூட்டில் இருந்தது. "உனக்கு எதுக்குடி இந்த வேலை!" என்று அம்மா அலறினார். அண்ணன் ஓடிவந்து பேட்டரியைக் கழற்றினான்.

"வயரிங் எரிஞ்சி போச்சு. ஏழாயிரத்துக்கே குடுத்துடலாம்லா."

லூக்காஸ் கம்பெனியின் மின்சாமான்களைப் பற்றி இங்கிலீஷ்காரர்களே நிறையக் கேலி பேசுவார்கள், அதன் முதலாளிக்கு இருளின் இளவரசன் என்று பட்டமே உண்டு. நானும் லூக்காஸ் மேல் பழியைப் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன். (எங்கள் விஷயத்தில் லூக்காஸ் நிரபராதி.)

அன்று ராத்திரி அப்பா ஒரு புது வார்த்தை சொன்னார். "மண்ணு."

மறுநாளும் அதேதான். கையைத் தரையை நோக்கிக் காட்டி, "மண்ணு, மண்ணு." அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டார். தாத்தாவைப் புதைத்த தோட்டத்து இடுகாடு இன்னும் செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. அங்கேதான் தன்னையும் வைக்கச் சொல்கிறார் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். அண்ணன் அப்பாவைக் காடியில் ஏற்றி அந்த இடுகாட்டுக்கே கூட்டிப்போய்க் காட்டினான். அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டு, வீடு வரும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் சோக் கேபிள். யோசித்துப் பாருங்கள், அது வெறும் இழுப்புக் கம்பி. அதில் கரண்ட் கிடையாது. பேட்டரிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு ஏன் சூடாக வேண்டும்? அதன் ஒரு முனை இன்ஜினில் உள்ள கார்புரேட்டரில் இருக்கிறது, மறுமுனை பாடியில். ஸ்டார்டர் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அத்தனையும் இன்ஜினிலிருந்து பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். ஆனால் இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுன்டிங் மேல். ரப்பரில் கரண்ட் போகாது (நம் ஆட்கள் விடியற்காலையில் வெட்டிய பால் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போது ஒரு நினைப்பு ஓடியது). அதனால்தான் இன்ஜினையும் பாடியையும் சேர்த்து ஒரு தடித்த செம்புப் பின்னல் கட்டியிருப்பார்கள். அது அறுந்துபோனால் கரண்ட் கிடைத்த வழியில் போகும். கிடைத்தது சோக் கேபிள். மெல்லிய கம்பி தாங்குமா?

அந்தப் பின்னலுக்குப் பெயர் எர்த்து.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பட்டறையில் வேலை பழகவரும் பையன்களுக்கு அப்பா சொல்லிக்கொடுப்பதை டார்ச் பிடித்தபடி எத்தனை முறை கேட்டிருப்பேன். "எர்த்துன்னா மண்ணுடா. போன கரண்ட் வீட்டுக்குத் திரும்பற வழி."

விடிந்ததும் அண்ணனை எழுப்பினேன். இருபத்தைந்து வெள்ளி மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் போல்ட்டிலும் வைத்து, ஒரே ஒரு நொடி குமிழை இழுக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது ஏழைத் தாண்டியது. காடிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் பக்கத்தில் பச்சைப் பாசம் பிடித்து, அறுந்து, ஒரு பக்கம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

கழற்றிக் கொண்டுவந்து அப்பாவின் இடது கையில் வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டார். "மண்ணு," என்றார். இந்தமுறை நெற்றியில் அடித்துக்கொள்ளவில்லை.

"இதுக்கா ஒரு வாரமா என்னை அழ வச்சீங்க?" என்றார் அம்மா. நேர்த்திக்கடனை என்ன செய்வது என்று வேறு கவலைப்பட்டார்.

மற்ற வேலைகள் சீக்கிரம் முடிந்தன. வெல்டிங் கேபிளில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு முனையிலும் லக் அடித்து, பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கும் இடத்தில் முடுக்கினோம். வார்னிஷ் நாற்றம் அடித்த பழைய பெட்ரோலை இறக்கினோம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளியைப் பதினைந்து தவ்வில் வைத்தேன்.

அப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் ஸ்டார்டர் குமிழ் ஓட்டுபவருக்கு இடப்பக்கம் இருக்கிறது. அவருக்கு இருப்பதும் அந்தக் கைதான். சோக்கை நான் இழுத்துக் கொடுத்தேன், அவர் குமிழை இழுத்தார். முதல் இழுப்பில் சுற்றியது. இரண்டாவதில் இருமியது. மூன்றாவதில் கொட்டகை முழுக்கப் புகையோடு பிடித்துக்கொண்டது. பதினாறு வருடத்துக்கு முந்தைய சத்தம். சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது.

அண்ணன் சிரித்துக்கொண்டே போனில் வீடியோ எடுத்தான். கிள்ளான்காரருக்கு அனுப்பத்தான். அப்பா சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டேஷ்போர்டைக் காட்டினார்.

"பொட்டு."

"அம்மாவையா? கூப்பிடவாப்பா?" என்றான் அண்ணன்.

நான் குனிந்து பார்த்தேன். இன்ஜின் வேகம் எடுத்ததும் அணைந்திருக்க வேண்டிய சிவப்பு லைட் அணையாமல் இருந்தது. டைனமோ சார்ஜ் பண்ணவில்லை. இத்தனை வருடம் சும்மா கிடந்ததில் அதன் பழைய காந்தம் போயிருக்கலாம், நாங்கள் பேட்டரியைத் தலைகீழாக மாட்டியதும் சேர்ந்திருக்கலாம். இன்ஜினை நிறுத்தி, பேட்டரியிலிருந்து ஒரு வயரை அதன் எஃப் முனையில் தொட்டுத் தொட்டு எடுத்தால் திரும்ப வரும் என்று படித்திருக்கிறேன்.

கிள்ளான்காரர் வர இன்னும் நான்கு நாள் இருந்தது. பொன்னெட்டைத் திறந்து வைத்துவிட்டு, டார்ச்சை அண்ணன் கையில் கொடுத்தேன்.