வீராம்பட்டினத்துத் தூளி

புதுவை நகரினின்று கடலூர்ச் சாலையில் தெற்கு நோக்கிச் சென்று, அரியாங்குப்பத்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து, கிழக்கே கடலை நோக்கித் திரும்பினால் வீராம்பட்டினம் வந்துவிடும். தொலைவு என்று சொல்லத்தக்க தொலைவன்று. ஆயினும் நகரத்துக் குடும்பங்களுள் பல, ஆடித் தேருக்கன்றி வேறு நாளில் இவ்வூர் மண்ணை மிதித்ததில்லை. மீன் மட்டும் நாள்தோறும் இங்கிருந்து நம் அடுக்களைக்கு வந்து சேர்கிறது. அதைச் சுமந்து வருகிற பெண் விடியற்காலையில் யாரிடம் தன் குழந்தையை விட்டு வந்தாள் என்று நாம் கேட்பதில்லை. அதனை அறியவே இவ்வூருக்கு இருமுறை சென்றோம்: ஒருமுறை மாசி மாதத்தில், மறுமுறை மீன்பிடித் தடைக்காலத்தில். நமது பங்கைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் தமக்கு அறிமுகமான இல்லத்திற்கு அழைத்துச் சென்றார்.

ஊரின் பழம்பெருமையைச் சில வரிகளில் சொல்லிவிடுவோம். செங்கழுநீர் அம்மன் கோயிலின் தேர், ஆடி மாதத்து ஐந்தாம் வெள்ளியன்று ஓடும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வடம் பிடித்துத் தொடங்கி வைப்பார். அவ்வழக்கம் இன்று துணைநிலை ஆளுநரைச் சேர்ந்திருக்கிறது. ஊருக்குள் நுழையுமுன் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. அங்கே 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய வணிகத்தின் தடயங்களை உலகுக்குக் காட்டியதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவருக்கு முன்பே, 1937-ஆம் ஆண்டில், ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் அம்மேட்டின் மணிகளையும் கற்களையும் விலை கொடுத்து வாங்கியது இவ்வட்டாரத்துச் சிறுவர்களிடம்தான். மழையில் மண் கரைந்தபின் பொறுக்கி விளையாடிய மணிகள் அவை!

அங்கே சிதைந்து நிற்கும் செங்கற் சுவர்கள் குருமட வாழ்வை அறிந்த நமக்கு வேறொரு நினைவையும் தந்தன. 1770-களில், போரால் கீழைநாடுகளிலிருந்து இடம்பெயர்ந்த பாரிஸ் வேத போதக சபையின் குருமடம் இங்கேதான் சில ஆண்டுகள் நடந்தது. பின்னர் ஆயரான பின்யோ தெ பெஹேன், அனாமிய மொழிக்கு இலத்தீனில் அகராதி தொகுத்ததும் அக்காலத்தில்தான். தாயைப் பிரிந்து கடல் கடந்து வந்த அந்நிய நாட்டு மாணவர்கள் இதே அலையோசையைக் கேட்டுக்கொண்டு உறங்கியிருப்பார்கள். அது நிற்க.

நாம் சென்ற இல்லம் இரண்டு அறைகளும் ஒரு திண்ணையும் உடையது. உத்தரத்தில் பழைய நூற்சேலை ஒன்று தூளியாகத் தொங்கியது. அதில் ஐந்து திங்கள் நிரம்பிய ஆண் மகவு உறங்கிக்கொண்டிருந்தது. தூளியை ஆட்டுவதற்கென ஒரு கயிறு அடுக்களை வரை நீண்டிருந்தது. அதன் நுனி ஆயாவின் கால்விரலில். (பாட்டியை இப்பகுதியினர் ஆயா என்றே அழைப்பர்.) கை மீனை ஆய்ந்துகொண்டிருக்கும், கால் தூளியை ஆட்டிக்கொண்டிருக்கும்.

குழந்தையை நீராட்டும் காட்சியையும் கண்டோம். ஆயா மணையில் அமர்ந்து கால்களை நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீரை உள்ளங்கையால் வாங்கி வாங்கி ஊற்றினார். பிறகு சாம்பிராணிப் புகை; கையில் வசம்புக் காப்பு; கன்னத்தில் கறுப்புப் பொட்டு. மூக்கில் எண்ணெய் விடலாகாது, உரைமருந்து புகட்டலாகாது, ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் கூடாது என்று செவிலியர் எடுத்துரைத்தார். ஆயா பணிவுடன் தலையசைத்தார். உரைகல்லை மட்டும் மெல்ல எடுத்துப் பானைக்குப் பின்னே வைத்துவிட்டார். குழந்தை பிறந்ததோ அரசு மருத்துவமனையில். தடுப்பூசி அட்டை சாமி படத்தின் பின்னே பத்திரமாயிருந்தது. ஆயா மருத்துவத்தை வெறுப்பவரல்லர். தம் மாமியாரையும் கைவிடாதவர், அவ்வளவே.

பிள்ளை பெற்றவளுக்கு ஊட்டும் உணவில் இவ்வூரார் தேர்ந்தவர்கள். பால்சுறாப் புட்டு, பூண்டு நிறைய இட்ட காரப்பொடிக் குழம்பு ஆகியன பால் சுரக்கும் என்று தருகிறார்கள். ஆனால் பால்சுறா முன்போல் அகப்படுவதில்லை என்கிறார்கள். அகப்பட்டாலும் ஏலத்தில் விலை ஏறி வெளியூருக்குப் போய்விடுகிறது. கடலோரத்திலேயே பிறந்தவள், மீன் கிட்டாமல் பூண்டுக் குழம்பு மட்டும் உண்ணும் நாள்களும் உண்டு.

குழந்தையின் தந்தை தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து செல்லும் விசைப்படகில் பங்குக்குத் தொழில் செய்பவர். இரண்டு மூன்று நாள் கடலிலேயே தங்குவது வழக்கம். பாடு எவ்வளவோ அதற்கேற்பப் பங்கு. படகுக்கும் வலைக்கும் எண்ணெய்க்கும் போக எஞ்சுவதே கூலி. கரைக்கு வந்தால் பகலெல்லாம் உறக்கம். மாசியில் நாம் சென்றபோது அவர் குழந்தையைத் தூக்க, அது வீறிட்டழுது ஆயாவிடம் தாவியது. “என்னை இன்னும் விருந்தாளின்னுதான் நினைக்கிறான், சாமி” என்று சிரித்தார். அச்சிரிப்பில் கொஞ்சம் நாணமும் இருந்தது.

அவர் கடலில் இருக்கும் இரவுகளைப் பற்றிக் குழந்தையின் தாய் சொன்னது நம் நெஞ்சில் நின்றது. “காத்து மாறினா தூக்கம் வராது, சாமி. அன்னிக்கிப் பாலும் சரியா இறங்காது. பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துட்டு அழுவான்.” இது வெறும் நம்பிக்கையன்று என்று செவிலியர் விளக்கினார்: மனக்கலக்கம் மிகுந்தால் சுரந்த பாலும் எளிதில் வெளிவராதாம். கடலின் செய்தி என்பது இங்கே ஆண்களின் தொழிற்செய்தி மட்டுமன்று, தூளிக்குரிய செய்தியும்கூட.

இதனை அறிந்தோ அறியாமலோ ஒரு நற்பணி இவ்வூரில் நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ஆம் ஆண்டு புதுவைச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, வீராம்பட்டினமும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் அலை உயர முன்கணிப்பை இறக்கி, தமிழாக்கி, கடற்கரையில் ஒலிபெருக்கி வழியே அறிவித்தார்கள். எங்கோ போர்க்கப்பல்களுக்கெனக் கணிக்கப்பட்ட எண், கட்டுமரக்காரன் மனைவியின் காதுக்கு வந்து சேர்ந்தது! கடலுக்குப் போகிறவர்கள் மட்டுமின்றி, இடுப்பில் குழந்தையுடன் பெண்களும் வாசலில் நின்று அவ்வறிவிப்பைக் கேட்பார்களாம். இப்போது ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையத்தின் முன்னறிவிப்புகள் கைப்பேசிக்கே வருகின்றன.

அந்த ஒலிபெருக்கியின் அருமை 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை தெரிந்தது. தெற்கே சிறிது தொலைவிலுள்ள நல்லவாடு என்னும் சிற்றூருக்குச் சிங்கப்பூரிலிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை தர, இளைஞர்கள் தகவல் மையத்தின் கதவை உடைத்து உட்சென்று, ஒலிபெருக்கியில் ஊரைக் கூவி எழுப்பினார்கள். 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். அன்று வீராம்பட்டினத்தில் நம் ஆயா என்ன செய்தார்? “முடிச்சை அவுக்க நேரமில்லை, சாமி. மீன் அரியிற கத்தியால சேலையை அறுத்து, தூளியோட பிள்ளையை அள்ளிக்கிட்டு மேற்கால ஓடினேன்.” அத்தூளியில் அன்று கிடந்த நான்கு மாதப் பெண் குழந்தையே இன்று இம்மகவின் தாய். இதைச் சொல்லும்போது ஆயா மீன் ஆய்வதை நிறுத்தவில்லை.

குழந்தை பிறந்து மூன்றாம் திங்களிலேயே தாய் மீன் விற்கத் திரும்பிவிட்டாள். கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் இட்டு, ஷேர் ஆட்டோவில் அரியாங்குப்பத்துக்கோ நகரின் குபேர் அங்காடிக்கோ போவாள். பத்து மணிக்குப் பால் கட்டி வலிக்கும்; கூடையில் பாதி மீன் விற்காமல் கிடக்கும்; பேரம் பேசுபவரோ, முகம் சுளிப்பதேன் என்று அறியார். பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. நம் பங்குக் குடும்பங்களில் அலுவலகம் செல்லும் மகளிர் சிலர் அதனைப் பெற்றுள்ளார்கள். மீன்கூடைக்கு முதலாளி இல்லை. ஆகவே விடுப்பும் இல்லை. முதற் பேற்றுக்கு மத்திய அரசு தரும் 5,000 ரூபாயைக் கொண்டு எத்தனை வாரம் வீட்டிலிருக்கலாம் என்பதைக் கணக்கறிந்த இல்லத்தரசியர் சொல்லட்டும். அங்கன்வாடியிலும் மூன்று வயது நிரம்பினால்தான் பிள்ளையை அமர்த்திக்கொள்வார்கள். அதற்கு முன் சத்துமாவு மட்டும் கிடைக்கும்.

ஆக, அந்த மூன்று ஆண்டுகளையும் தாங்குவது ஆயாவின் முழங்கால்கள். அவையோ இப்போது வீங்கியிருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பெண்கள் மாறி மாறிக் குழந்தையைத் தூக்கிச் செல்வதைக் கண்டோம். ஒருத்தி பாலூட்டவும் செய்தாள். ஊரே வளர்க்கிறது என்று சொல்வது அழகாயிருக்கிறது. ஆனால் அத்தெருப் பெண்களுள் இளையவர்கள் பட்டம் படித்துத் தொழிற்சாலைக்கும் கடைக்கும் வேலைக்குச் செல்லத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் படித்ததில் நமக்கு மகிழ்ச்சியே. என்றாலும், ஆயாக்களை நம்பி ஓர் அரசும் ஒரு சந்தையும் குழந்தை காப்பகம் அமைக்காமல் இருப்பது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை. கரைக்கருகே ஓர் அறை, இரண்டு பெண்களுக்குச் சம்பளம், ஆறேழு தூளிகள். பெருஞ்செலவு ஒன்றும் இல்லை.

இரண்டாம் முறை சென்றது மே மாத இறுதியில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. வருவாய் இல்லை, அரசு நிவாரணத் தொகையை எதிர்பார்த்து மளிகைக் கடையில் கடன் வளர்ந்திருந்தது. திண்ணையில் தந்தை வலையைப் பிரித்துப் போட்டுக் கண்ணி கண்ணியாகத் தைத்துக்கொண்டிருந்தார். தவழக் கற்ற பிள்ளை வலைக்குள் புகுந்து சிக்கிக்கொண்டு, அழாமல், அவர் முகத்தையே பார்த்தது. அவர் ஊசியை வைத்துவிட்டு நிதானமாக விடுவித்தார்; அது மறுபடியும் புகுந்தது. தூளிக் கயிற்றின் நுனி அன்று அவருடைய கால்விரலில் இருந்தது. ஆயா உள்ளே படுத்து உறங்கிக்கொண்டிருந்தார். பகலில் அவர் கண்ணயர்ந்ததைத் தாம் கண்டதே இல்லை என்றார் செவிலியர். தடைக்காலம் முடிய இன்னும் பதினேழு நாள் இருந்தன.