வெந்நீர்க் குழாய்

சிக்னலில் நின்ற கொஞ்ச நேரத்துக்கெல்லாம் புது வண்டியின் ஃபேன் விர்ரென்று சுழல ஆரம்பிக்கிறது, எரிகிற பெட்ரோலில் சக்கரத்தை எட்டுவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, மீதி சூடாகத்தான் போயாக வேண்டும், கூலன்ட் சுமந்துவந்த அந்த வெக்கை ரேடியேட்டர் வழியே என் முழங்காலில் படுகிறது, ஆனால் அதில் ஒரு வாசனையும் இல்லை, இஸ்திரிப் பெட்டிக்குக்கூட ஒரு வாசனை உண்டு.

அப்பாவின் புல்லட் சூடானால் தெருவுக்கே தெரியும். திருவொற்றியூரில் செய்த அந்த 350 சிசி வண்டிக்குத் தண்ணீர் கிடையாது, வார்ப்பிரும்பு சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காய் நிற்கும் ஃபின்கள்தான், காற்று படும் பரப்பைப் பல மடங்கு கூட்டுபவை, ஓடினால்தான் அவற்றுக்குக் காற்று, நின்றால் சூடு அங்கேயே தங்கிவிடும். சந்தையிலிருந்து திரும்பி வண்டியை அணைத்ததும், இரும்பு ஆறிச் சுருங்குகிற டிக் டிக் சத்தம் அடங்கும்வரை அப்பா பக்கத்திலேயே துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார், சுட்ட எண்ணெயும் செம்மண் புழுதியும் கலந்த மணத்தில், சாயங்கால வெயில் ஃபின்களின் இடுக்கில் கோடு கோடாய் இறங்க.

அப்படிக் காத்திருக்கத் தெரிந்த இன்னொருவரை வால்பாறைப் பாதையில் பார்த்தேன், 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் தண்ணீர் கொதித்து நின்ற லாரியின் வயதான டிரைவர். ஏற்றத்தில் இன்ஜின் முக்கும், ஊர்கிற வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்றும் போதாது. மூடியைத் திருகப் போன கிளீனர் பையனின் கையைத் தட்டிவிட்டு, "இருடா, அமுங்கிக் கிடக்கு, திறந்தா மூஞ்சிக்குப் பாயும்" என்று சொல்லி, ஒரு பீடியை முழுசாகக் குடித்து முடித்தார்.

தாத்தாவின் ஆயில் இன்ஜின் கிணற்று மேட்டில் இருந்தது, பம்பு இழுக்கும் நீரில் ஒரு சிறு பங்கு ரப்பர் டியூப் வழியே சிலிண்டரைச் சுற்றி ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு, மறுபக்கம் விரல் பருமன் குழாயில் விழும். மார்கழி விடியலில் தாத்தா அதில் புறங்கையை நீட்டிப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல, கை பொறுத்தால் இன்ஜினுக்கும் சுகம், எனக்கும் குளியல், டீசல் வாடை மத்தியானம்வரை தலைமுடியில் இருக்கும்.

தண்ணீரால் ஆற்றுவதைப் புதுசு என்று நினைத்து இந்த வண்டியை இத்தனை நாள் அந்நியமாகவே ஓட்டியிருக்கிறேன். வாசலில் அணைத்த பிறகும் ஃபேன் சிறிது நேரம் சுற்றுகிறது, சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போகாமல், அதன் முன்னால் புறங்கையை நீட்டியபடி நிற்கிறேன்.