கதவு இடுக்கு

ஆனி பிறந்து பத்து நாள் ஆகிவிட்டால், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மேஜைமேல் விரலாலேயே கதை எழுதலாம். காலையில் துடைத்த மேஜைதான். மத்தியானத்துக்குள் மாவு சலித்துக் கொட்டியதுபோல் புழுதி படிந்திருக்கும். வாசல் கதவு சாத்தித்தான் இருக்கிறது. ஆனால் மேல்காற்றுக்குக் கதவு ஒரு பொருட்டா? இரண்டு கதவும் சேருகிற இடத்தில் ஓர் இடுக்கு. நிலைக்கும் கதவுக்கும் நடுவில் ஓர் இடுக்கு. அடியில், எலி தலை குனியாமல் வந்து போகிற அளவுக்கு மூன்றாவது இடுக்கு.

"ஊருக்கெல்லாம் கதை எழுதிக் குடுக்கிய. இந்தக் கதவுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?" என்று என் மனைவி கேட்டாள்.

நியாயமான கேள்விதான். இருந்தும் ஐந்தாறு ஆனி ஆடிகளை ஏதாவது சாக்குச் சொல்லியே கழித்துவிட்டேன். சோம்பல் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். நானும் மறுக்கவில்லை. சோம்பேறி என்று பேர் வாங்குவது கதை எழுதுகிறவனுக்குப் புதிதா என்ன?

இந்தக் காற்றின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிட வேண்டும். மேற்குமலை, அகத்தியர் மலைப் பக்கத்தில் 1,868 மீட்டர் வரைக்கும் நிமிர்ந்து நிற்கிறது. அங்கிருந்து வடக்கே வந்து, செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே சற்றுத் தோளை இறக்கிக் கொள்கிறது. 1904-ல் மலையைக் கடந்து கொல்லத்துக்கு ரயில் போனது அந்த வழியாகத்தான். தென்மேற்குப் பருவக் காற்று, மழையையெல்லாம் மலையாளத்தில் கொட்டிவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு நம் பக்கம் வருவதும் அதே வழியாகத்தான். மலையடியில் இருக்கிற குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் கொஞ்சம் சாரல் மிச்சம் வைத்திருக்கும். கிழக்கே வரவர ஈரம் வற்றிவிடும். கயத்தாற்றுப் பொட்டலில் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, பாளையங்கோட்டைக்கு வந்து சேரும்போது அதன் கையில் இருப்பது புழுதி மாத்திரம்.

நான் பிறந்து வளர்ந்தது தென்காசி. 2019-ல் அதைத் தனி மாவட்டமாக்கிவிட்டார்கள். ஆக்கட்டும். தென்காசியில் ஓடுகிற சிற்றாறு இன்றைக்கும் சீவலப்பேரிக்கு வந்து தாமிரபரணியில்தான் விழுகிறது. ஆகையால் நானும் என்னைத் திருநெல்வேலிக்காரன் என்றே சொல்லிக்கொள்கிறேன். ஆனி ஆடியில் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலைத் தாண்டியவர்களுக்கு நான் காற்றைப் பற்றி விவரிக்க வேண்டியதில்லை. ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் துண்டையும் பிடித்துக்கொண்டால், சுவாமியைக் கும்பிட மூன்றாவதாக ஒரு கை தேவைப்படும்.

எங்கள் வீடு அந்தக் காலத்து ஓட்டு வீடு. கதவுகளெல்லாம் தேக்கு. தேக்கானாலும் மரம் மரம்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும்; தோளைக் கொடுத்து இடித்தால்தான் சாத்தலாம். பங்குனி, சித்திரை வெயிலில் சுருங்கி இடுக்கு விடும். நீளவாக்கில் இந்த மாறுதல் அவ்வளவாகத் தெரியாது, அகலவாக்கில்தான் தெரியும். இது தெரிந்துதான் ஆசாரி கொஞ்சம் இடைவெளி விட்டே கதவைப் பொருத்துவார். கைத்திறமை இல்லாததால் விட்ட இடுக்கு என்று சின்ன வயசில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டு வீட்டுக்குப் பின்னால், மேற்கே, என் அப்பா புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார். அதற்கு மட்டும் கான்கிரீட் கூரை. தோட்டத்துப் பக்கம் ஒரு கதவு, வீட்டுக்குள் ஒரு கதவு, ஒரு ஜன்னல், தோட்டத்துக் கதவுக்கு மேலே காற்றுப் போகச் சதுரமாக ஒரு துவாரம்.

எனக்கு இருபது வயசு இருக்கும்போது அக்காவுக்குத் தலைப்பிரசவம். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, பாடமும் நானும் ஒத்துப்போகாமல் வீட்டோடு வந்து உட்கார்ந்திருந்த காலம் அது. அப்பா என்னோடு பேச வேண்டியதை அம்மாவிடம் சொல்வார். நான் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்பேன். அந்த நிலைமையில் அக்காவும் ஐந்து நாள் குழந்தையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்கள். ஆனி மாசம். புது அறையில்தான் படுக்கை.

ஆச்சியின் சட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கு முதல் எதிரி காற்று. காதில் பஞ்சு, தலையில் துணி, சாத்திய கதவு. மாலையானால் மண்சட்டியில் கரி நெருப்புப் போட்டு, மேலே சாம்பிராணியைத் தூவி அறைக்குள் வைப்பாள். காற்று என்று ஆச்சி சொன்னால் அதில் இரண்டு உண்டு: இலையை அசைக்கிற காற்று ஒன்று, காற்றுக் கருப்பு என்கிற காற்று ஒன்று. இரண்டும் ஒரே இடுக்கு வழியாகத்தான் வரும் என்பது அவள் சித்தாந்தம்.

"ஏல, தோட்டத்துக் கதவுல காத்து பாம்பு மாதிரி சீறுது. பச்சை உடம்புக்காரி படுத்திருக்கா. எதையாவது வச்சு அடைச்சு விடு" என்றாள் ஒரு நாள் காலையில்.

பல மாசத்துக்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது! விடுவேனா? அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் திரிகளாகத் திரித்தேன். புளியங்கொட்டையை இடித்துப் பசை காய்ச்சினேன். திரியைப் பசையில் தோய்த்து நிலையைச் சுற்றிலும் ஒட்டி, கதவைச் சாத்திப் பார்த்து, ஒட்டாத இடத்தைப் பிய்த்துத் திரும்பவும் ஒட்டினேன். அடி இடுக்குக்கு, துணியைக் குழாயாகத் தைத்துச் சிற்றாற்று மணலை நிரப்பி இரண்டு உருளைகள் செய்தேன். ராத்திரி உள்ளே இருந்தே ஆச்சி காலால் தள்ளி வைத்துக்கொள்ளலாம். வீட்டுப் பக்கத்துக் கதவையும் விட்டுவைக்கவில்லை. ஜன்னலுக்குச் செய்தித்தாள் மூன்று அடுக்கு. கடைசியாக, துவாரத்தின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, ஓரமெல்லாம் பசை தடவி அடித்து ஒட்டினேன். வேலை முடிந்ததும் அறை நடுவில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்தேன். வெளியே தென்னை மட்டை பேய் பிடித்தாற்போல் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஊதுவத்திப் புகை நூல் பிடித்ததுபோல் நேரே மேலே போயிற்று.

ஆச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கெட்டிக்காரன்ல நீ" என்றாள். அந்த வருஷத்தில் என்னை யாராவது கெட்டிக்காரன் என்று சொன்னது அது ஒரு தடவைதான்.

அன்று ராத்திரி வழக்கம்போல் ஆச்சியும் அக்காவும் குழந்தையும் உள்ளே படுத்தார்கள். கரிச்சட்டி மூலையில் இருந்தது. இரண்டு மணி வாக்கில் அம்மா விழித்துக்கொண்டாள். குழந்தை பாலுக்கு அழுகிற நேரம். அழுகைச் சத்தம் இல்லை. கதவைத் தள்ளினால் மணல் உருளை தடுத்தது. கூப்பிட்டாள். பதில் இல்லை. என்னை எழுப்பினாள். நான் முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா வாந்தி எடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து தலை தொங்கக் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. ஆச்சி சட்டிக்கு அருகில் குப்புற விழுந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்து விழுந்திருக்க வேண்டும். குழந்தையைத் தூக்கினேன். நனைந்த துணி மாதிரி கையில் துவண்டது. முகம் மாத்திரம் நல்ல சிவப்பாக இருந்தது. "பிள்ளைக்கு நிறம் நல்லாத்தானே இருக்கு" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. அப்பா ஓடி வந்து தோட்டத்துக் கதவை உதைத்துத் திறந்தார். மூன்று பேரையும் வெளியே தூக்கிக்கொண்டு வந்து, எந்தக் காற்றுக்கு அஞ்சி அடைத்தோமோ அந்தக் காற்றிலேயே கிடத்தினோம். குழந்தை அழுவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் பிராணவாயு கொடுத்தார்கள். டாக்டர் என்னையும் அப்பாவையும் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உள்ளே நெருப்பு இருந்ததா? கதவெல்லாம் அடைச்சிருந்ததா?"

அப்புறம் அவரே விளக்கினார். கரி நெருப்பு புகையாமல் அழகாகக் கனன்றுகொண்டிருந்தாலும் அதிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினுக்குப் பிராணவாயுவைவிட அதன்மேல் 200 மடங்குக்கும் மேலான பிரியம். ஒரு தடவை பற்றிக்கொண்டால் லேசில் விடாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம். தூக்கத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. காற்றோட்டம் இருந்தால் கலைந்து போய்விடும். அடைத்த அறையில் தங்கும்.

பிற்பாடு நான் கதை எழுத வந்தபோது, பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலா 1902 செப்டம்பரில் பாரிஸில் இதே வாயுவால்தான் இறந்தார் என்று படித்தேன். புகைபோக்கி அடைபட்டிருந்தது. ராத்திரி படுக்கையறையில் கணப்பு எரிந்தது. மனைவி பிழைத்துக்கொண்டாள், அவர் பிழைக்கவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அன்று முழுக்க நான் ஒன்றும் எழுதவில்லை. கொடைக்கானலில், உதகையில் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி இன்றும் பத்திரிகையில் அவ்வப்போது வருகிறது. நான் அந்தப் பக்கத்தைச் சட்டென்று திருப்பிவிடுவேன்.

ஆச்சியின் மேல் பழியைப் போடுவது சுலபம். ஆனால் அது சரியாகாது. அவளும் அவள் தாயாரும் அதே வீட்டில்தான் எத்தனையோ பிள்ளைகளைப் பெற்றார்கள். கதவைச் சாத்தினார்கள், நெருப்பும் வைத்தார்கள். அவர்கள் படுத்த அறைக்கு ஓட்டுக் கூரை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். கதவுக்கு ஆசாரி விட்ட இடுக்கு இருந்தது. அடைத்தோம் என்று அவர்கள் நினைத்தார்களே தவிர, வீடு ஒருநாளும் அடைபட்டதில்லை. நான்தான் கான்கிரீட் கூரையின் கீழே வைத்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்து முடித்தேன்.

மறுநாள் அப்பா ஒன்றும் பேசாமல் நாற்காலி போட்டு ஏறி அந்த அட்டையைப் பிய்த்தெறிந்தார். "டாக்டர் சொன்னதை வீட்ல சொல்லாண்டாம்" என்றார். நேரடியாக என்னிடமே சொன்னார். சாம்பிராணிப் புகை ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் அறைக்குள் நெருப்பு வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாக அம்மாவிடமும் அக்காவிடமும் சொல்லிவிட்டார்.

ஆச்சி அதை ஏற்கவில்லை. அவளுக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்திருந்தது. "காத்துக் கருப்பு வந்து முட்டி முட்டிப் பாத்திருக்கு. எம் பேரன் மட்டும் இடுக்கெல்லாம் அடைச்சிருக்கலேன்னா மூணு உயிரும் போயிருக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்து நல்ல பிள்ளை என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாசம் நன்றாக இருந்தவள் அப்புறம் மறக்க ஆரம்பித்தாள். அடுப்படிக்குப் போகிற வழி, எங்கள் பெயர்கள், தாத்தா காலமாகிவிட்ட விஷயம். வயசு என்றார்கள். வயசாகவும் இருக்கலாம். இந்த வாயு உடனே விட்டுவிட்டுச் சில வாரம் கழித்து மூளையைத் தொடுவது உண்டு என்று பின்னால் படித்தேன். இரண்டு வருஷம் இருந்தாள். என் பெயர்கூட நினைவில்லாத நாட்களிலும், பேரன் கதவை அடைத்த கதையை மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்வாள்.

இந்த ஆனியில் சாக்குச் சொல்ல முடியவில்லை. அக்கா மகள் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அன்று என் கையில் துவண்டவள்தான். புழுதியில் தும்மித் தும்மி அவள் கண் சிவந்துவிட்டது. ஆசாரியை வரச் சொன்னேன். அவர் கடையிலிருந்து ரப்பர் பட்டை வாங்கி வந்து நிலையைச் சுற்றி ஒட்டினார். இரண்டு கதவும் சேருகிற இடத்துக்கு ஒரு மெல்லிய மரச் சட்டம். அடியில் பிரஷ் வைத்த பட்டை. அரை நாளில் வேலை முடிந்தது. என் மனைவி வந்து கையை வைத்துப் பார்த்து, "இத்தனை வருஷம் இதுக்கா?" என்றாள்.

ஆசாரி அண்ணாந்து பார்த்தார். "மேல இருக்குத துவாரத்தையும் அடைச்சிருவமா அண்ணாச்சி? அது வழியாவும் தூசி வருமே."

"வேண்டாம்" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உளியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா மகளும் பார்த்தாள்.

ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டி சொன்ன கதையைத்தான் அவள் இதுவரை கேட்டிருக்கிறாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டு முடித்துவிட்டு, "அம்மாவுக்குத் தெரியுமா மாமா?" என்றாள்.

"தெரியாது."

"நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அக்கா சங்கரன்கோவிலில் இருக்கிறாள். இந்தப் பத்திரிகையை ஓர் இதழ் விடாமல் வாசிக்கிறவள். என் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவாள். இது அச்சாகிக் கடைக்கு வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு நடை சங்கரன்கோவிலுக்குப் போய் வர வேண்டும்.