அம்மாவும் ஒரு ஆப்-ஆம்ப்பும்

அம்மாவுக்கு 82 வயது. ஒரு காலத்தில் வாசலில் கோலம் போட்டபடி பாடினால் கொல்லைப்புறம் வரை கேட்கும். இப்போது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கிறது. அவரிடம் ஏழெட்டு தாலாட்டுகள் இருக்கின்றன. பாட்டியிடமிருந்து வந்தவை. எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. சென்ற வருஷம் ஒரு பாட்டின் நடுவில் நின்று, ‘‘அடுத்த வரி என்னமோ வருமேடா...’’ என்று என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

முதலில் செல்போன். அது ரொம்ப புத்திசாலி. அம்மாவின் மெல்லிய குரலையே இரைச்சல் என்று நினைத்து அங்கங்கே வெட்டிவிட்டது. அடுத்து ஒரு டைனமிக் மைக் வாங்கி கம்ப்யூட்டரில் செருகினேன். ‘உஸ்ஸ்...’ என்று மழைச் சத்தம். அதற்கு அடியில் எங்கேயோ அம்மா.

விஷயம் இதுதான். மெல்லிய குரலுக்கு இந்த மைக் தருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அதை நூறு மடங்காவது பெருக்கிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் ப்ரீ-ஆம்ப். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. ஆனால், எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் ப்ரீ-ஆம்ப்பைக் காசு கொடுத்து வாங்குவது, சமையல்காரர் ஓட்டலில் சாப்பிடுவது போல. நானே செய்கிறேன் என்று ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிட்டேன்.

இதன் இதயம் ஆப்-ஆம்ப். எட்டுக் கால் பூச்சி போல ஒரு சிப். இரண்டு உள்ளீடுகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைத் தாறுமாறாகப் பெருக்கும். வெளியே இரண்டு ரெஸிஸ்டர்களைப் போட்டு அதற்குக் கடிவாளம் கட்டினால் நாம் சொன்ன அளவுக்குப் பெருக்கும். காலேஜில் எல்லோரும் கை பழகிய 741 பிறந்தது 1968-ல். நல்ல உழைப்பாளி, ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. ஆடியோக்காரர்கள் பல வருஷங்களாக நம்புவது 5532. ஒரு காப்பி விலைக்குள் வரும்.

பழைய நோட்டிலிருந்த சர்க்யூட்டை அப்படியே போட்டேன். கடிவாளத்துக்கு 10 கிலோ ஓம், 1 மெகா ஓம். நூறு மடங்கு. பாட்டு வந்தது, கூடவே மழையும். சரி, சிப்தான் மட்டம் என்று தீர்மானித்து, பல மடங்கு விலையில் ஏடி 797 வாங்கினேன். உலகத்தின் அமைதியான ஆப்-ஆம்ப்களில் ஒன்று. போட்டேன்.

இரைச்சல் அதிகமாகியது!

அன்று இரவு பேப்பர், பென்சிலுடன் உட்கார்ந்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ரெஸிஸ்டர் சும்மா இருந்தாலே சத்தம் போடும். உள்ளே எலெக்ட்ரான்கள் சூட்டில் அலைபாய்வதால் வருவது. ஜான்சன் அதை அளந்தார். நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு சொன்னார். இருவரும் ஸ்வீடனில் பிறந்து அமெரிக்கா போனவர்கள். இருவர் கட்டுரைகளும் வெளிவந்த வருஷம் 1928. அவர்கள் கணக்குப்படி என் 10 கிலோ ஓம் தருவது சுமார் 13 நானோவோல்ட். (நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. ‘ஒரு ரூட் ஹெர்ட்ஸுக்கு’ என்று இதற்கு ஒரு வால் உண்டு. இங்கே வெட்டிவிடுகிறேன்.) 5532-ன் சொந்த இரைச்சலே 5தான். ஆக, சத்தம் போட்டவன் சிப் அல்ல, பக்கத்தில் சாதுவாக நின்றுகொண்டிருந்த ரெஸிஸ்டர்.

ஏடி 797-ன் சொந்த இரைச்சல் 0.9 மட்டுமே. ஆனால், அதன் கரண்ட்டிலும் ஒரு இரைச்சல் உண்டு. 2 பிகோ ஆம்பியர். இது 10 கிலோ ஓம் வழியாகப் போகும்போது 20 நானோவோல்ட்டாகிவிடுகிறது. 5532-க்கு இது 7. இரைச்சல்களைக் கூட்டுவது பிதாகரஸ் முறையில். வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம். கூட்டிப் பார்த்தால் காப்பி விலை சிப்புக்கு 15 சொச்சம், பணக்கார சிப்புக்கு 24! குறைந்த ஓம்களுக்கென்று பிறந்த சிப்பை, தப்பான வீட்டில் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

மறுபடி 5532. இம்முறை கடிவாளம் 100 ஓம், 10 கிலோ ஓம். அதே நூறு மடங்கு. 100 ஓமின் இரைச்சல் 1.3தான். மைக்கின் 200 ஓமையும் சேர்த்து மொத்தம் ஐந்தரை. மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. கூடுதல் செலவு இரண்டு ரெஸிஸ்டர்.

மழை நின்றதும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த ‘ம்ம்ம்’ கேட்டது. கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம். அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வைத்தேன். கிரவுண்ட் ஒயர்களை எல்லாம் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்த்தேன். போர்டை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னையும் கிரவுண்டில் கட்டினேன். லேப்டாப் சார்ஜரையும் பிடுங்கினேன். ரீங்காரம் போயிற்று.

அப்புறம் ஃபேனையும் நிறுத்திவிட்டு அம்மாவைப் பாடச் சொன்னேன். ஆறு பாட்டு. மறந்த வரி வரவில்லை. அந்த இடத்தில் ‘ம்... ம்...’ என்று ராகத்தை மட்டும் இழுத்துத் தாண்டினார்.

போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டவர், ‘‘மூச்சு வாங்கறதெல்லாம் கேக்குதேடா! அதை எடுத்துடு’’ என்றார்.

எடுக்க முடியும். ‘‘அதுக்கு மட்டும் சர்க்யூட் கிடையாதும்மா’’ என்று சொல்லிவிட்டேன்.